ஒருமுறை ஒழிந்துபோன ஃபிஷரை மறுபடியும் பொறிவைத்துப் பிடிக்க எப்படி அனுமதிக்கிறார்கள்?

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மான்ட் மாநிலத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: டிசம்பர் மாதம் பக்கத்து வீட்டுக்காரர் காட்டுக்குள் பொறி வைத்து ஃபிஷர் என்ற விலங்கைப் பிடிக்கிறார், கேட்டால் அரசாங்க உரிமத்தைக் காட்டுகிறார், ஆனால் தோலுக்காகப் பிடித்துப் பிடித்தே இந்த விலங்கை இங்கே ஒழித்தார்கள் என்று படித்தேன், அப்படியிருக்க மறுபடியும் எப்படி விடுகிறார்கள்? கூடவே, இரவில் காட்டிலிருந்து வரும் அலறல் இதனுடையதா, என் பூனைக்கு ஆபத்து உண்டா என்றும் கேட்டிருக்கிறார். பூனைக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி, ஒரு விலங்கை ஒருமுறை துடைத்தெடுத்த அதே தொழில் இன்னொருமுறை துடைத்தெடுக்காமல் நடக்குமா என்பதுதான். வெர்மான்ட்டில் நடக்கும். கலிஃபோர்னியாவில் நடக்காது. இரண்டுக்கும் காரணம் அந்த விலங்கின் உடம்பிலும் அது குடியிருக்கும் மரத்திலும் இருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் வனவிலங்கு உயிரியல் படித்தவன். அமெரிக்காவின் வடகிழக்கில், பொறிக்காரர்கள் ஒப்படைக்கும் உடல்களை அறுத்துப் பார்த்து ஆணா பெண்ணா, என்ன வயது, குட்டி போட்டதா என்று குறிக்கும் வேலையைப் பல வருடம் செய்திருக்கிறேன். பொறி நானே வைத்ததில்லை. மேற்குக் கடற்கரையின் ஃபிஷர்களோடு வேலை செய்ததும் இல்லை. அந்தப் பக்கத்தைப் பற்றி நான் எழுதுவது மற்றவர்களின் ஆய்வுகளைப் படித்து எழுதுவது.

ஃபிஷர் வட அமெரிக்காவில் மட்டும் வாழ்கிறது. நீர்நாய் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். சேபிள், மார்ட்டன், வுல்வரின் எல்லாம் நெருங்கிய உறவு. மேற்குத் தொடர்ச்சி மலையில் நமக்கு இருக்கும் நீலகிரி மார்ட்டனும் கொஞ்சம் தள்ளிய சொந்தம். முன்பு மார்ட்டன்களோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு தனியே பிரித்து பெக்கானியா பெனன்டி என்கிறார்கள். கரும்பழுப்பு நிறம், நீண்ட உடம்பு, குட்டைக் கால், புதர் போன்ற வால். ஆண் பெரும்பாலும் மூன்றரையிலிருந்து ஐந்தரை கிலோ; பெண் இரண்டு, இரண்டரை கிலோதான். முதல்முறை பார்ப்பவர்கள் இரண்டும் வேறு வேறு இனம் என்றே நினைப்பார்கள். பெயரில் மீன் இருந்தாலும் மீன் பிடித்துப் பிழைக்கும் விலங்கு இல்லை. முயல், அணில், எலி, பறவை, செத்த மானின் மிச்சம், பழம், கொட்டை என்று கிடைத்ததைத் தின்னும். வடக்கே அதற்குப் பிரதான உணவு, குளிர்காலத்தில் வெள்ளையாக மாறும் பனிமுயல். அந்த முயல்கள் ஏறக்குறைய பத்து வருடத்துக்கு ஒருமுறை பெருகிச் சரிவதால் ஃபிஷர் எண்ணிக்கையும் பின்னாலேயே ஏறி இறங்கும். கனடாவில் தோல் வியாபாரம் செய்த, 1670இல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே கம்பெனியின் தோல் கணக்குகளில் இந்த ஏற்ற இறக்கம் தெரிகிறது.

இதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தது முள்ளம்பன்றி வேட்டை. முள்ளம்பன்றியைப் புரட்டிப் போட்டு வயிற்றைக் கிழிக்கும் என்று பலரும் சொல்வார்கள். பனியில் தடம் பார்த்தும் கூண்டில் கவனித்தும் ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. ஃபிஷர் குள்ளமாகத் தரையோடு தரையாக நிற்பதால் அதன் வாய் முள்ளம்பன்றியின் முகத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. முகத்தில் முள் கிடையாது. சுற்றிச் சுற்றி வந்து முகத்தையே திரும்பத் திரும்பக் கடிக்கும். முள்ளம்பன்றி முதுகைத் திருப்பினால் விலகும். அரைமணி நேரம்கூட ஆகலாம். முள்ளம்பன்றி மரத்தில் ஏறி முகத்தை மரத்தோடு ஒட்டிக்கொண்டால் அதற்கும் வழி உண்டு: ஃபிஷரின் பின்னங்கால் கணுக்கால் கிட்டத்தட்ட முழுக்கப் பின்பக்கம் திரும்பக்கூடியது, தலைகீழாக மரத்திலிருந்து இறங்கும், மேலிருந்து வந்து விரட்டும். செத்த பிறகு வயிற்றுப் பக்கமாகத் தின்ன ஆரம்பிப்பதால்தான் புரட்டிப் போடும் கதை கிளம்பியிருக்க வேண்டும். தோல் உரித்த உடல்களில் சதைக்குள் முள் புதைந்து கிடப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். சுற்றிலும் சீழ் வைத்திருப்பது அபூர்வம்.

இனி கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம், பெண் ஃபிஷரின் வருடக்கணக்கு. மார்ச், ஏப்ரலில் மரப்பொந்துக்குள் குட்டி போடும். இரண்டு மூன்று குட்டி. போட்ட ஒரு வாரம் பத்து நாளுக்குள் மறுபடி இணைசேர்ந்துவிடும். ஆனால் உண்டான கரு வளராது. கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டையாகக் கருப்பையில் மிதந்தபடி பத்து மாதம் சும்மா இருக்கும். குளிர்காலம் முடியும் சமயத்தில்தான் ஒட்டிக்கொண்டு வளரத் தொடங்கும்; அதன்பிறகு ஒன்றரை மாதம் போல ஆகும் குட்டி வெளிவர. ஆகவே வளர்ந்த பெண் வருடத்தில் ஏறக்குறைய எல்லா நாளும் கரு சுமந்தபடி இருக்கிறது. டிசம்பரில் ஒரு தாய் ஃபிஷர் பொறியில் விழுந்தால் அடுத்த வசந்தத்துக் குட்டிகளும் அதோடு போகின்றன. இளம்பெண் ஒரு வயதில் முதல்முறை இணைசேர்கிறது, இரண்டு வயதில்தான் முதல் குட்டி. கருமுட்டை விட்ட பெண்ணெல்லாம் குட்டி போடுவதும் இல்லை. உணவு குறைந்த வருடத்தில் கணிசமானவை வெறுமனே விட்டுவிடும். எலி முயல் மாதிரி ஈடுகட்டிக்கொள்ளும் விலங்கு இது இல்லை.

இன்னொரு பலவீனம், ஃபிஷர் மிக எளிதில் பொறியில் சிக்கும். நரி சந்தேகப்பட்டுச் சுற்றிவரும் இடத்தில் இது நேராக உள்ளே போகும். நரிக்கும் பாப்கேட் என்ற காட்டுப்பூனைக்கும் வைத்த பொறிகளில்கூட வந்து விழும். ஃபிஷர் வேட்டையைத் தடைசெய்த இடத்திலும் மற்ற விலங்குகளுக்கான பொறிகள் இருந்தால் எண்ணிக்கை சீக்கிரம் ஏறாததற்கு இது ஒரு காரணம்.

இப்போது பழைய கதை. வெர்மான்ட்டில் 19ஆம் நூற்றாண்டில் மெரினோ ஆடு வளர்க்கவும் பண்ணை போடவும் காட்டின் பெரும்பகுதியை வெட்டித் தள்ளிவிட்டார்கள். மரம் போனால் பொந்து போயிற்று, ஃபிஷரும் போயிற்று. மிச்சமிருந்ததன்மேல் தோல் விலை இறங்கியது. பெண்ணின் தோல் சிறியது, ஆனால் பட்டு மாதிரி மென்மை, நிறமும் கருமை. பெண்கள் கழுத்தில் சுற்றும் ஃபர் துண்டுக்கு அதைத்தான் கேட்டார்கள். ஆணின் தோல் முரடு. ஆகவே சந்தை அதிக விலை கொடுத்தது எந்த விலங்குக்கு என்றால், எதை இழந்தால் இனம் திரும்ப முடியாதோ அதற்கு. 1920களில் நல்ல பெண் தோல் ஒன்று நூறு டாலருக்கு மேல் போயிற்று. அதே காலத்தில் ஃபோர்டின் மாடல் டி கார் முந்நூறு டாலருக்குள் கிடைத்தது. மூன்று தோல் இருந்தால் ஒரு கார். பனியில் ஒரே ஒரு தடத்தைப் பார்த்தாலும் நாள்கணக்கில் பின்தொடர்ந்து போனதில் ஆச்சரியமில்லை. விலையைப் பார்த்துச் சிலர் பண்ணையில் வளர்க்கவும் முயன்றார்கள். அந்தப் பத்து மாதக் காத்திருப்பு அவர்களுக்குப் பிடிபடவில்லை, 1940களின் இறுதியில் விலை விழுந்ததும் பண்ணைகள் மறைந்தன. 1930களில் பல மாநிலங்கள் தடை போட்டபோது நியூ இங்கிலாந்து என்ற வடகிழக்கு மூலை மாநிலங்களின் தெற்கிலும் பெரிய ஏரிகள் பகுதியில் பெரும்பாலும் அது ஏற்கெனவே இல்லாமல் போயிருந்தது. மெய்ன் மாநிலத்தின் வடக்கு, நியூயார்க்கின் அடிராண்டாக் மலை, மினசோட்டாவின் ஒரு மூலை, கனடா என்று ஒதுங்கிப் பிழைத்தது.

அழிவில் கோடரிக்கு எவ்வளவு பங்கு, பொறிக்கு எவ்வளவு என்று கேட்டால், இரண்டும் சேர்ந்தது என்பது மட்டுமே உறுதி. சதவீதம் சொல்பவர்களை நான் நம்பமாட்டேன். அந்தக் காலத்தில் எண்ணியவர் யாருமில்லை. தோல் ஏலக் கணக்கு மட்டும்தான் இருக்கிறது, அது காட்டின் கணக்கைவிட விலையின் கணக்கு.

திரும்பி வந்தது எப்படி என்பது வேடிக்கையான கதை. யாரும் ஃபிஷர்மேல் இரக்கப்பட்டு அதைக் கொண்டுவரவில்லை. பண்ணைகள் கைவிடப்பட்டு மரம் மீண்டும் வளர்ந்தது, ஃபிஷர் இல்லாத காட்டில் முள்ளம்பன்றி பெருகியது. அது குளிர்காலத்தில் மரப்பட்டையைச் சுற்றிக் கடித்துத் தின்னும். பட்டை போன மேப்பிள் மரம் காய்ந்துவிடும். மர வியாபாரத்துக்கு நஷ்டம். ஆகவே 1959 முதல் 1967 வரை மெய்னிலிருந்து 124 ஃபிஷர்களைக் கொண்டுவந்து வெர்மான்ட் காடுகளில் விட்டார்கள். மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் 1961 முதல் 1963 வரை மினசோட்டாவிலிருந்து 61. விஸ்கான்சினிலும் அதே காலத்தில் விட்டார்கள். மேற்கு வர்ஜீனியாவுக்கு 1969இல் நியூ ஹாம்ப்ஷரிலிருந்து 23. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பிடிக்கும் ஃபிஷர் பெரும்பாலும் அந்த 124இன் வம்சமாக இருக்கும். இன்று வெர்மான்ட்டில் ஏறக்குறைய முக்கால்வாசி நிலம் காடு. முள்ளம்பன்றி குறைந்ததா? மிச்சிகனில் குறைந்ததை ஆய்வாளர்கள் தெளிவாகப் பதிவுசெய்தார்கள். மற்ற இடங்களிலெல்லாம் குறைந்ததற்கு ஃபிஷர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

எண்ணிக்கை ஏறியதும் 1960களிலும் 70களிலும் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பருவத்தை, அதாவது பொறி வைக்க அனுமதிக்கும் நாட்களை, திறந்தன. 1970களில் தோல் விலை மறுபடி ஏறியது, பிடிப்பும் ஏறியது, சில இடங்களில் திரும்பவும் சரிவு. உடனே பருவத்தை மூடி, பிறகு நாட்களைக் குறைத்து ஆளுக்கு இத்தனைதான் என்று அளவு வைத்துத் திறந்தார்கள். 1920களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பேராசை குறைந்தது என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. சரிவை ஓரிரு வருடத்திலேயே பார்க்க ஒரு வழி இருந்தது, பார்த்ததும் கதவை மூட அதிகாரம் இருந்தது. முன்பு இரண்டும் இல்லை.

அந்த வழிதான் என் மேசைக்கு வந்த உடல்கள். வெர்மான்ட்டில் பிடித்த ஃபிஷரின் தோலுக்கு அடையாளச்சீட்டு வாங்க வேண்டும், உரித்த உடலை ஒப்படைக்க வேண்டும். பல்லைப் பிடுங்கி, கனிமம் நீக்கி, மெல்லிய சீவலாக வெட்டி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் வேரில் வருடத்துக்கு ஒரு கோடு தெரியும். பெண்ணின் சினைப்பையில் முட்டை வெளிவந்த இடங்களை எண்ணலாம். கருப்பையில் போன வருடம் குட்டி ஒட்டியிருந்த தழும்புகள் சில சமயம் தெரியும். இவற்றிலிருந்து முக்கியமாக ஒரு விகிதத்தைப் பார்க்கிறோம்: ஒரு வளர்ந்த பெண்ணுக்கு அந்த வருடத்துக் குட்டிகள் எத்தனை பிடிபட்டன. பருவத்தின் ஆரம்பத்தில் விழுபவை பெரும்பாலும் அனுபவமில்லாத இளசுகள், அதிலும் ஊர் சுற்றும் ஆண்கள். அவற்றில் பல குளிர்காலத்தைத் தாண்டாதவைதான். பருவம் நீள நீளத் தாய்கள் விழுவது கூடும். விகிதம் உயரமாக இருந்தால் தாய்கள் தப்பிக்கிறார்கள் என்று பொருள், இறங்கினால் எச்சரிக்கை. டிசம்பர் ஒரு மாதத்தோடு பருவத்தை முடிப்பதில் தோல் அப்போது நல்ல நிலையில் இருப்பதும் ஒரு காரணம், தாய்களைக் காப்பதும் ஒரு காரணம்.

இந்த விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. குட்டிகள் அதிகம் செத்த வருடத்திலும் விகிதம் இறங்கும், அதற்குப் பொறி காரணமில்லை. பீச் மரம் நன்றாகக் காய்த்த இலையுதிர்காலத்தில் எலியும் அணிலும் பெருகிவிடுவதால் ஃபிஷர் இரையிறைச்சியைத் தேடி வராது என்று பொறிக்காரர்கள் சொல்வார்கள். மார்ட்டன் விஷயத்தில் ஆய்வும் அதை ஒப்புக்கொள்கிறது. அப்போது பிடிப்பு குறைந்ததை எண்ணிக்கை குறைந்ததாகப் படித்துவிடலாம். விலை விழுந்தாலும் அப்படியே. 2019இல் டொராண்டோவைச் சேர்ந்த நார்த் அமெரிக்கன் ஃபர் ஆக்‌ஷன்ஸ் என்ற தோல் ஏல நிறுவனம் கடன்சுமையில் நொடித்தது. விலை பெரிதாக இல்லாதபோது பொழுதுபோக்குக்காகச் செய்பவர்கள்தான் மிஞ்சுகிறார்கள், பொறிகள் குறைகின்றன. ஆகவே எத்தனை பேர் எத்தனை பொறியை எத்தனை இரவு வைத்தார்கள் என்ற கணக்கும் சேர்ந்தால்தான் பிடிப்பு எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப் பிடிக்கிறார் என்றும் தெரிந்துகொள்ள விரும்புவீர்கள். பொதுவாக மரத்தில் தரைக்கு மேலே ஒரு பெட்டியைக் கட்டி, சாய்ந்த கம்பு ஒன்றை ஏணியாக வைத்து, உள்ளே பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் இறைச்சியும் கடும் நாற்றமுள்ள வாசனைச் சரக்கும் வைப்பார்கள். பெட்டி வாயில் உடம்பை நெரிக்கும் சதுரக் கம்பிப் பொறி இருக்கும். தரையில் வைக்காததற்கு முக்கியக் காரணம் வளர்ப்பு நாய்கள். பழைய பொறி காலைக் கவ்வும், விலங்கு பொறிக்காரர் வரும்வரை தவித்துக் கிடக்கும். கழுத்தையும் மார்பையும் நெரித்துக் கொல்லும் பொறியை ஃபிராங்க் கானிபேர் என்ற கனடா பொறிக்காரர் உருவாக்கினார், 1950களின் இறுதியில் சந்தைக்கு வந்தது. 1997இல் ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் ரஷ்யாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, சோதனையில் குறைந்தது 80 சதவீத விலங்குகளாவது 300 வினாடிக்குள் நினைவிழக்க வேண்டும் என்பது ஃபிஷர் போன்றவற்றுக்கான வரம்பு. மார்ட்டனுக்கு 120 வினாடி. நல்ல பொறி இதைவிட வேகமாக முடிக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் ஐந்து நிமிடத்தை இரக்கமான கொலை என்று எழுதிவைத்தது எனக்கு எப்போதும் உறுத்தும். எண்ணிக்கை தாங்குமா என்பது ஒரு கேள்வி, கொல்லலாமா என்பது இன்னொன்று. என் நுண்ணோக்கியில் முதல் கேள்விக்குத்தான் விடை உண்டு.

மேற்கே கதை அப்படியே தலைகீழ். கலிஃபோர்னியா 1946இலேயே ஃபிஷர் பிடிப்பைத் தடைசெய்துவிட்டது. ஆனாலும் சியரா நெவாடாவின் தெற்குப் பகுதியில் ஒரு சின்னக் கூட்டம் தனித்து நிற்கிறது, 2020இல் அதை அழியும் நிலையில் உள்ளதாகக் கூட்டரசு அறிவித்தது. அங்கே பொறி இல்லை, ஆனாலும் ஏறவில்லை. குட்டி போடும் பொந்து தாய் நுழையும் அளவு பெரிதாகவும் ஆண் நுழைய முடியாத அளவு சிறிதாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பொந்து விழ மரத்துக்கு நூறு வருடமாவது வேண்டும், உள்ளே சேறுபோல் அழுகியும் வெளியே உயிரோடும் இருக்க வேண்டும். பெரிய மரங்களை முதலில் வெட்டினார்கள். பிறகு 2012 முதல் வந்த பெரும் வறட்சியும் காட்டுத்தீயும் மிச்சத்தைத் தின்றன. பாப்கேட்டும் மலைச் சிங்கமும் ஃபிஷரைக் கொல்கின்றன. அதற்குமேல் விஷம்: காட்டுக்குள் திருட்டுத்தனமாகக் கஞ்சா பயிரிடுபவர்கள் எலிக்கு வைக்கும் மருந்து. 2012இல் வெளியான ஆய்வில் கலிஃபோர்னியாவில் செத்த 58 ஃபிஷர்களைப் பரிசோதித்ததில் 46இன் உடம்பில் எலி மருந்து இருந்தது. வடக்குக் கூட்டத்துக்கும் தெற்குக் கூட்டத்துக்கும் இடையே உள்ள பெரிய இடைவெளிக்குப் பொறிக்காரர்களே காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். மரபணு ஆய்வுகள் அந்தப் பிரிவு ஐரோப்பியர் வருவதற்கு முன்பே நடந்திருக்கலாம் என்கின்றன. இது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் அறவே இல்லாமல் போனதால் 2008 முதல் 2010 வரை பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 90 ஃபிஷர்களை ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் கொண்டுவந்து விட்டார்கள். இங்கேயெல்லாம் ஒரு தாய் கூடுதலாகச் செத்தாலும் ஈடுகட்ட ஆள் இல்லை. வெர்மான்ட்டில் காலியாகும் இடத்துக்கு அடுத்த காட்டிலிருந்து ஓர் இளம்பெண் வந்துவிடும்.

சரி, பூனை. இரவு அலறல் அநேகமாக ஃபிஷர் இல்லை. அது பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு திரியும் விலங்கு. ஃபிஷர் அலறல் என்று இணையத்தில் சுற்றும் பதிவுகளில் நிறைய, குளிர்கால இறுதியில் கத்தும் செந்நரி. பூனையைத் தின்பதே இல்லை என்று சொல்லமாட்டேன், கிடைத்தால் விடாது. ஆனால் 1979இல் நியூ ஹாம்ப்ஷரில் பிடிபட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபிஷர்களின் வயிற்றைத் திறந்து பார்த்ததில் பூனை மயிர் இருந்தது ஒன்றில் மட்டும். அப்போது புறநகரில் ஃபிஷர் குறைவு; 2014இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் வரை வந்து படத்தில் சிக்கியிருக்கிறது, ஆகவே அந்த எண்ணை இன்றைய புறநகருக்கு அப்படியே பொருத்த வேண்டாம். எப்படியும் உங்கள் ஊரில் பூனைக்குப் பெரிய ஆபத்து கயோட் என்ற ஓநாய் வகை விலங்கும் காரும். இரவில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கோழி வளர்க்கும் யோசனை இருந்தால் மட்டும் கூண்டைக் கெட்டியாகக் கட்டுங்கள், கூரை உட்பட; ஃபிஷர் மேலிருந்தும் வரும்.